கையெழுத்து

(பட்டிமன்றத் தலைப்பு: பள்ளிப் பிள்ளைகளைச் சாகச முகாமுக்கு அனுப்புவது அவசியமா, ஆபத்தா? ‘அவசியமே’ என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் வேலையில் பாதியை முடித்து வைத்திருக்கிற என் அணித் தோழர்களே, நான் எங்கே சறுக்குவேன் என்று பேனாவும் கையுமாகக் காத்திருக்கிற எதிரணி நண்பர்களே, இருக்கிற வேலையெல்லாம் போட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே, வீட்டில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற நல்லவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தட்டு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். என் மகன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, 2016-ஆம் வருஷம், நாலு நாள் முகாம் போய்விட்டு வந்தான். வந்த அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்தவன் எழுந்து போய், தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. என் மனைவி அந்தத் தட்டைப் பார்த்தாள். அப்புறம் என் தட்டைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். “ஏங்க, அந்த முகாமுல ஐம்பது வயசுக்காரங்களச் சேத்துக்குவாங்களா?” என்று கேட்டாள். (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தலைவர் பேசும்போது, முகாமில் பிள்ளை என்னத்தைக் கற்றுக்கொள்ளப் போகிறான் என்று கேட்டார். ஐயா, உங்கள் வீட்டுத் தட்டை யார் கழுவுகிறார்கள்? அதை மட்டும் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள். (சிரிப்பு)

வகுப்பறையிலேயே எல்லாம் கற்றுக்கொள்ளலாம் என்று எனக்கு முன்னால் பேசிய பேராசிரியை அம்மா சொன்னார்கள். அம்மா, நானும் வகுப்பறைக்காரன்தான். முனைவர் பட்டம் வாங்கியவன். எந்தத் திணையிலே ஆய்வு? பாலைத் திணையிலே. வெயிலும் கள்ளியும் வறண்ட காடுமாய் நானூற்றுச் சொச்சம் பக்கம் எழுதினேன். எங்கே உட்கார்ந்து எழுதினேன்? மின்விசிறிக்குக் கீழே. நடுவில் கரண்டு போனால் ஆய்வும் நின்றுபோகும். (சிரிப்பு)

இன்னொன்றும் சொல்கிறேன். கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே 99 பூக்களை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். அந்த 99-ஐயும் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். மாணவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். ஒரு நாள் பின் பெஞ்சில் இருந்த ஒருவன் எழுந்து, ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, “ஐயா, அந்தச் செகப்பா இருக்கே, அது என்ன பூ?” என்றான். நான், “அது பாடத்தில் இல்லை, உட்கார்” என்றேன். (சிரிப்பு) வகுப்பு முடிந்து வரும்போது தாவரவியல் பேராசிரியரிடம் கேட்டேன். “என்னய்யா தமிழ்ப் பேராசிரியரே! ஊர்ல இட்லிப் பூன்னு சொல்றோமே, அதுதான்யா உங்க வெட்சி” என்றார். வெட்சி யார்? 99-இல் ஒருத்தி! பத்து வருஷமாக அவள் பெயரைச் சொல்லிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே நின்றவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. (கைதட்டல்)

மலையும் மலை சார்ந்த இடமும் என்று எழுதினால் ஒரு மதிப்பெண். எழுதுகிற பிள்ளை மலையில் கால் வைத்ததில்லை. திருத்துகிற வாத்தியாரும் பஸ்ஸில் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தவர்தான்.

சரி, இதெல்லாம் சிரிக்கிற விஷயம். எதிரணியினர் சொன்னதில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. உயிர். அதற்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கக் கூடாது.

என்னென்ன சொன்னார்கள்? 2014 ஜூன் 8-ஆம் தேதி, இமாச்சலப் பிரதேசத்திலே பியாஸ் ஆற்றில், ஹைதராபாத்திலிருந்து போன பொறியியல் மாணவர்கள் 24 பேர் அடித்துக்கொண்டு போகப்பட்டார்கள் என்றார்கள். உண்மை. 2024 ஜனவரி 18-ஆம் தேதி, வதோதராவிலே ஹர்னி ஏரியில் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும் இறந்தார்கள் என்றார்கள். உண்மை. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டோம். பார்க்க முடியவில்லை.

ஆனால் நான் கேட்கிறேன். அவர்களில் யாராவது சாகச முகாமுக்குப் போனவர்களா? பியாஸ் ஆற்றில் போனவர்கள் சுற்றுலாப் பயணிகள். தண்ணீர் குறைவாக இருக்கிறதே என்று ஆற்றுக்குள் கிடந்த பாறைகளில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே அணையில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஆறு எப்போது ஏறும், ஏறுவதற்கு முன்னால் என்ன அடையாளம் காட்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஹர்னி ஏரிக்குப் போனவர்கள் பிக்னிக் போன சின்னப் பிள்ளைகள். படகில் அளவுக்கு மேல் ஆட்கள். எல்லோருக்கும் உயிர்காப்புச் சட்டை கிடையாது. ஒரு பயிற்சி முகாமிலே தண்ணீருக்குப் பக்கத்தில் போவதற்கு முன்னாலேயே மாட்டிவிடுகிற முதல் பொருள் அந்தச் சட்டை. அதை மாட்டிப் பழகிய பிள்ளை, “சார், எனக்குச் சட்டை தரல” என்று வாய் விட்டுக் கேட்கும். நீங்கள் சொன்ன கணக்கு முகாமுக்குப் போன பிள்ளைகளின் கணக்கு இல்லை ஐயா. சொல்லிக் கொடுக்காமல் கூட்டிப்போன பிள்ளைகளின் கணக்கு. (கைதட்டல்)

கைதட்டாதீர்கள். நான் சாமர்த்தியமாகப் பேசித் தப்பித்துவிட்டேன் என்று நடுவர் நினைத்துவிடக் கூடாது. எதிரணியினர் சொல்லாமல் விட்ட ஒன்றை, எங்கள் அணிக்கு விரோதமான ஒன்றை, நானே சொல்கிறேன்.

இங்கிலாந்திலே தென்கரையில் லைம் வளைகுடா என்று ஒரு கடல். 1993 மார்ச் 22. பிளிமத் நகரத்துப் பள்ளியிலிருந்து எட்டு மாணவர்கள், அவர்களோடு ஓர் ஆசிரியர். அசல் சாகச முகாம். முகாமின் பயிற்றுநர்கள் இரண்டு பேர் கூட இருக்கிறார்கள். கயாக் என்று ஓர் ஆள் உட்காருகிற மெலிந்த படகு. கரையை ஒட்டியே போய்ப் பக்கத்து ஊரில் இறங்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை. காற்று கரையிலிருந்து கடல் பக்கம் வீசியது. படகுகள் உள்ளே இழுத்துக்கொண்டு போகப்பட்டன. ஆபத்து என்று காட்ட வெளிச்ச வெடி கையில் இல்லை. திரும்பி வரவில்லையே என்று கரையில் இருந்தவர்கள் கடலோரக் காவலுக்குச் சொல்லும்போது நேரம் கடந்துவிட்டது. மார்ச் மாதத்துத் தண்ணீர், ஐஸ் மாதிரி. நான்கு பிள்ளைகள் இறந்தார்கள்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அதற்கு முந்தின வருஷமே அந்த முகாமை விட்டு வெளியேறிய பயிற்றுநர்கள் இரண்டு பேர், இங்கே பாதுகாப்பு சரியில்லை, சரிசெய்யாவிட்டால் உயிர் போகும் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் கோர்ட்டுக்கு வந்தது. 1994-இல் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. 1995-இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பணம் வாங்கிக்கொண்டு மலையேற்றம், பாறை ஏற்றம், படகு, குகை என்று கூட்டிப்போகிறவன் உரிமம் வாங்க வேண்டும். சோதித்துப் பார்த்துத்தான் உரிமம்.

நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த நாடு என்ன செய்தது பாருங்கள். பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டவில்லை. கூட்டிப்போகிறவனைப் பிடித்துக் கேள்வி கேட்டது. (கைதட்டல்)

நம்ம ஊரிலும் பட்டிருக்கிறோம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் 20 பேருக்கு மேல் போனார்கள். வளர்ந்த பிள்ளைகள், வேலை பார்க்கிற பெண்கள். தீப் பிடிக்கிற கோடையில் மலைமேல் போனார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு விதிமுறை கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைக் குறித்துக் கொடுத்து, அந்தந்த மலையில் பிறந்து வளர்ந்த இளைஞர்களையே வழிகாட்டியாகப் போட்டுத் திறந்தது. காட்டுத் தீ காலத்தில் பாதையை மூடிவிடுகிறார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது அந்த மூடுகிற வேலைதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது என் மாமாவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நடுவர் ஐயா மணியடிக்கக் கூடாது. நடுவர் ஐயாவுக்கும் மாமா இருந்திருப்பார். (சிரிப்பு)

எனக்குச் சோழவந்தான் பக்கம் ஒரு கிராமம். வெற்றிலைக் கொடிக்கால், நெல்வயல், நடுவிலே ஒரு பெரிய கமலைக் கிணறு. எனக்கு ஏழு வயசு. எங்கள் சின்ன மாமா ஒரு நாள் என்னைத் தூக்கிக்கொண்டு போய், முதுகிலே காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பிலே கயிற்றைக் கட்டி, தொம்மென்று கிணற்றிலே தூக்கிப் போட்டார். நான் போட்ட சத்தத்தில் கரையில் நின்ற மாடு மிரண்டு ஓடியது. எங்கம்மா ஓடி வந்து மாமாவைத் திட்டின திட்டு இருக்கிறதே, அதை இந்த மேடையில் சொன்னால் தொலைக்காட்சிக்காரர்கள் அதற்கு மட்டும் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள். (சிரிப்பு) மூன்றாவது நாள் குடுக்கையை அவிழ்த்தார். பத்தாவது நாள் கயிற்றை அவிழ்த்தார். அப்புறம் என்னைக் கிணற்றிலிருந்து வெளியே வரவைக்கத்தான் அம்மா திட்ட வேண்டியிருந்தது.

ரொம்ப நாள் வரைக்கும் மாமா என்னைத் தூக்கிப் போட்டார் என்பது மட்டும்தான் எனக்கு ஞாபகம். வயசான பிறகுதான் மற்றதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. என்னைப் போடுவதற்கு முன்னால் அவர் குதித்து மூழ்கி எழுந்தார். அடியில் கல் கிடக்கிறதா, முள் கிடக்கிறதா என்று காலால் துழாவினார். பாம்பு இருந்தால் போகட்டும் என்று தண்ணீரைக் கம்பால் அடித்தார். சாப்பிட்டுவிட்டு வந்த பயலை இறங்க விடமாட்டார். மழை பெய்த மறுநாள் தண்ணீர் கலங்கிக் கிடந்தால், எவ்வளவு அழுதாலும், “இன்னைக்குக் கெணறு கெடையாது, போடா” என்பார். அந்தக் கயிற்றின் இன்னொரு முனை பத்து நாளும் அவர் மணிக்கட்டில் சுற்றியிருந்தது.

பாறை ஏறப் பழக்குகிற முகாமில் போய்ப் பாருங்கள். ஏறுகிற பிள்ளை தலையில் ஹெல்மெட், இடுப்பில் ஹார்னெஸ் என்கிற வார், அதிலே ஒரு கயிறு. கயிறு பாறை உச்சிக்குப் போய்த் திரும்பிக் கீழே வருகிறது. கீழே ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதற்கு பிலே என்று பெயர். ஏறுகிற பிள்ளை பாறையைப் பார்க்கும். கீழே நிற்கிறவர் பிள்ளையை மட்டும்தான் பார்க்க வேண்டும். டீ குடிக்கக் கூடாது, செல்போன் எடுக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கூடாது. அவர்தான் எங்கள் சின்ன மாமா.

இன்றைக்குக் கமலைக் கிணறு இல்லை. மூடி, பிளாட் போட்டுவிட்டார்கள். மாமா பெங்களூரில் மகன் வீட்டில் ஆறாவது மாடியில் இருக்கிறார். கிணறும் இல்லை, மாமாவும் பக்கத்தில் இல்லை. பிள்ளை யாரிடம் கற்றுக்கொள்ளும்?

இதை வெள்ளைக்காரனும் பட்டுத்தான் தெரிந்துகொண்டான். இரண்டாம் உலகப் போர் நடக்கிறது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல் கப்பலாக மூழ்கடிக்கின்றன. உயிர்ப்படகில் தப்பித்தவர்களில், உடம்பில் பலமுள்ள இளம் மாலுமிகள் நம்பிக்கை இழந்து போய்விடுகிறார்கள். பாய்மரக் கப்பலில் காற்றோடும் அலையோடும் மல்லுக்கட்டிப் பழகிய கிழட்டு மாலுமிகள் தாக்குப் பிடிக்கிறார்கள் என்கிற எண்ணம் லாரன்ஸ் ஹோல்ட் என்கிற கப்பல் கம்பெனிக்காரரை உறுத்தியது. கூர்ட் ஹான் என்ற கல்வியாளர், ஹிட்லரை எதிர்த்ததால் ஜெர்மனியை விட்டு வந்தவர், அவரோடு சேர்ந்தார். 1941-இல் வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவி என்ற ஊரிலே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். கரையை விட்டுக் கிளம்புகிற கப்பலுக்குச் சொல்கிற பெயரையே வைத்தார்கள், அவுட்வர்ட் பவுண்ட் என்று. ஒரு மாதம் போலப் பயிற்சி. கடல், மலை, ஓட்டம், காப்பாற்றுகிற வேலை. பிள்ளைகளை வீரனாக்குவதற்கு இல்லை. உயிர் பிழைத்து வீட்டுக்கு வருவதற்கு. அதிலிருந்துதான் இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிற இந்த மாதிரி முகாம்கள் பல கிளைத்தன.

பணக்காரப் பிள்ளைகளுக்கல்லவா இதெல்லாம் என்று எதிரணியில் ஓர் அன்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஒரே ஒரு பெயரைச் சொல்கிறேன். மாலாவத் பூர்ணா. நிஜாமாபாத் மாவட்டத்தில் பாகாலா என்கிற சின்ன ஊர். அப்பா அம்மா விவசாயக் கூலிகள். அரசாங்கத்தின் சமூக நல உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த பழங்குடிப் பிள்ளை. அந்தப் பள்ளிகளை நிர்வகித்த அதிகாரி பிள்ளைகளைப் புவனகிரிப் பாறையில் ஏறப் பழக்க ஏற்பாடு செய்தார். அதில் தேறியவர்களை டார்ஜிலிங்குக்கு அனுப்பினார். அங்கே தேறியவர்களை லடாக் குளிருக்கு அனுப்பினார். வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் இரண்டு பேர். பூர்ணாவும் ஆனந்த் குமாரும். 2014 மே 25-ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது பூர்ணாவுக்கு வயசு 13 வருஷம் 11 மாதம். 8,848 மீட்டர்! (பலத்த கைதட்டல்)

எல்லோரும் எவரெஸ்ட் ஏற வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்குச் சிறுமலை போதும், அழகர் மலை போதும். நான் சொல்ல வந்தது, காசு இருக்கிறவன் பிள்ளைக்குத்தான் மலை என்று யாரும் எழுதி வைக்கவில்லை என்பதுதான்.

பூர்ணா என்று பெண் பிள்ளை பெயரைச் சொல்லிவிட்டேன். இனிமேல் நான் பேசுவது எதிரணிக்கு இல்லை. எனக்கு.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது பெண். 2009-ஆம் வருஷம், எட்டாம் வகுப்பு. பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டு வந்து கொடுத்தாள். கொடைக்கானல் மலையில் நாலு நாள் முகாம். கூடாரத்தில் தங்குவது, பாறை ஏறுவது, ராத்திரியில் நட்சத்திரம் பார்ப்பது. கீழே ஒரு கோடு. பெற்றோர் கையெழுத்து.

நான் போடவில்லை. அவள் கேட்டாள், ஏன் என்று. நடுவர் அவர்களே, எனக்குப் பேசத் தெரியும். இந்த ஊரில் எனக்குப் பேசத் தெரியும் என்றுதான் பெயர். பாம்பு என்றேன், பள்ளம் என்றேன், ஜுரம் வந்தால் யார் பார்ப்பார்கள் என்றேன். போய் வந்தவர்கள் எவ்வளவு மதிப்பெண் வாங்கினார்கள் என்று கேட்டேன். இன்றைக்கு எதிரணியில் இருப்பவர்கள் பேசினதையெல்லாம் அன்றைக்கே, இவர்களைவிட நன்றாக, என் வீட்டுக் கூடத்தில் நின்று பேசினேன். பதிமூன்று வயசுப் பிள்ளை எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்தேன். அவள் அந்தத் தாளை நாலாக மடித்தாள். “சரிப்பா, நீங்க ஜெயிச்சுட்டீங்க” என்றாள். உள்ளே போகப் போனவள் திரும்பி, “தம்பிக்குன்னா போட்டிருப்பீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. வாயில் வந்தது எதுவும் உண்மையாக இல்லை.

அந்த நாலு நாளும் அவள் பள்ளிக்கூடம் போனாள். போகாத பிள்ளைகள் ஆறு பேரை நூலகத்தில் உட்கார வைத்திருந்தார்களாம். ஆறு பேரும் பெண் பிள்ளைகள்.

2015 டிசம்பர். சென்னை வெள்ளம். என் மகள் அங்கே கல்லூரி மூன்றாம் ஆண்டு, பெண்கள் விடுதியில் கீழ்த்தளத்தில் இருந்தாள். டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி தண்ணீர் உள்ளே வந்தது. போன் இல்லை, கரண்டு இல்லை. மதுரையில் நாங்கள் இரண்டு நாள் இருந்த இருப்பை நான் சொல்ல மாட்டேன், பெற்றவர்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் யாருடைய போனிலிருந்தோ பேசினாள். ஒன்றும் ஆகவில்லை. மீனவர்கள் படகைக் கொண்டுவந்து இறக்கிக் கூட்டிப்போயிருந்தார்கள்.

ஊருக்கு வந்தபிறகு ஒரு நாள் அவளாகவே சொன்னாள். “தண்ணியப் பாத்துக்கூட பயமில்லப்பா. முழங்காலுக்கு வந்துருச்சு. எல்லாரும் கத்துறாங்க. எனக்கு என்ன செய்யணும்னே தெரியல. அப்படியே நின்னுட்டேன். எங்க ரூம்ல ஒருத்தி, பள்ளிக்கூடத்துல சாரணர் படையில இருந்தவ. முதல்ல மெயின் சுவிட்ச அணைன்னா. போர்வையெல்லாம் முடிச்சுப் போட்டு, ஒருத்தர் பின்னால ஒருத்தர் பிடிங்கன்னு சொல்லி, மாடிப்படி வரைக்கும் கூட்டிட்டுப் போனா. அவளுக்கும் எங்க வயசுதான்பா.”

என்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்த முகாமைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டாள். நான்தான் அங்கேயே நின்றேன்.

அடுத்த வருஷம் என் மகன் ஒரு தாளோடு வந்தான். அதே பள்ளிக்கூடம். அதே மலை. அதே கோடு.

கையெழுத்துப் போட்டால், மகள் 2009-இல் சொன்னது சரியாகிவிடும், தம்பிக்குன்னா போட்டிருப்பீங்க என்று. போடாவிட்டால், இன்னொரு பிள்ளையையும் முழங்கால் தண்ணீரில் நிறுத்துகிறேன். பேசத் தெரிந்தவனுக்கு இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். எத்தனை பிள்ளைக்கு ஒரு பயிற்றுநர்? அவர் எங்கே பயிற்சி எடுத்தவர்? பக்கத்தில் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், ராத்திரியில் வண்டி நிற்குமா? பெண் பிள்ளைகள் எத்தனை பேர் வருகிறார்கள், கூட எத்தனை ஆசிரியைகள்? இதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். கடைசியாக ஒன்று கேட்டேன். வானிலை மோசமானால் நிறுத்துவது என்று யார் முடிவு செய்வது? தலைமையாசிரியர், “அது முகாம்காரங்க பாத்துக்குவாங்க சார்” என்றார். அவர் முன்னாலேயே அந்தப் பயிற்றுநருக்குப் போன் போட்டேன். இளைஞர், கொங்குப் பேச்சு. “மழை வந்தாங்க, நான் நிறுத்திப் போடுவனுங்க. பசங்க அழுவாங்க, பெத்தவங்க பணம் கேப்பாங்க. பணம் திரும்பக் கிடைக்காதுங்க, இப்பவே சொல்லிப் போடறனுங்க” என்றார். எனக்கு எங்கள் சின்ன மாமா பேசின மாதிரி இருந்தது. இன்னைக்குக் கெணறு கெடையாது, போடா.

அவர் சொன்ன மாதிரியே செய்தார். மூன்றாம் நாள் ஓடையில் கயிறு கட்டிக் கடக்க வேண்டியது. மேலே மலையில் மேகம் இறங்கியதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். கீழே வெயில் அடிக்கிறதாம். பையன்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார்களாம். ஒரு மணி நேரத்தில் ஓடை செம்மண்ணாய்ப் பெருகி வந்ததாம். என் மகன் வீட்டுக்கு வந்து தட்டைக் கழுவிவிட்டு எங்களிடம் சொன்ன முதல் கதை, ஏறின பாறையைப் பற்றி இல்லை. கடக்காத அந்த ஓடையைப் பற்றித்தான். (கைதட்டல்)

நடுவர் ஐயா மணியைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன்.

பள்ளிக்குப் போய்க் கேள்வி கேட்டுவிட்டு வந்தேன் என்றேனே, அன்றைக்கு ராத்திரி. சாப்பாட்டு மேஜையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மகள் படிப்பு முடிந்து வீட்டில் இருந்த சமயம். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளே போனாள். ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு வந்து தாள் மேல் வைத்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். கை கொஞ்சம் நடுங்கியது, கோட்டுக்கு மேலே ஏறிவிட்டது.

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். “அப்பா, இதுல பாதுகாவலர்னு இன்னொரு கோடு இருக்கே. அதுல நான் போடட்டுமா?” என்றாள்.

போட்டாள். என் கையெழுத்தைவிட அது நேராக இருந்தது.